டர்பன்டைன் மரத்தடியில் உன் குரல்

இன்று காலை ஸ்பீக்கரை ஆன் செய்ததும் முதலில் வந்தது உன் இருமல். பாடம் தொடங்குமுன் இருமியதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறாய். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டதடி.

நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்துசேர முக்கால் மணி நேரம் மலை இறங்க வேண்டும். டீச்சர்களான நாம் இருவரும் அவர்களுடைய லயத்து வீடுகள் பக்கமே குடியிருந்ததால் அவர்களோடு சேர்ந்தே இறங்குவோம். வந்ததும் பெஞ்சில் தூங்கி விழுவார்கள். "உக்காந்தாத்தான்டி தூங்குறாங்க. நடக்கையில யாரு தூங்குறா? ரோட்டுலயே பாடத்த ஆரம்பிச்சிருவோம்" என்றாய். வழுக்கும், அட்டை கடிக்கும், பெற்றோர் திட்டுவார்கள் என்று நான் வழக்கம்போல அடுக்கினேன். நீ காதிலேயே வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைப் பிடித்துக்கொண்டு பாதை முழுவதும் தனியாக நடந்து, பிள்ளைகளோடு பேசுவதுபோலவே பேசிப் பதிவு செய்தாய். படிக்கட்டு வந்தால் வாய்ப்பாடு, ஓடை வந்தால் விஞ்ஞானம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட படிக்கு ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டு குதித்து இறங்கினார்கள்.

பாதி வழியில் நெடுநெடுவென்று நிற்கும் டர்பன்டைன் மரத்தடிக்கு வரும்போது உன் குரல் சொல்லும், "நில்லுங்க பிள்ளைங்களா. மரத்தோட நிழல அடிவச்சு அளங்க." அவர்கள் அளந்து முடிக்கும்வரை உன் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு, "சரியா அளந்தவங்க பலமா கை தட்டுங்க!"

போன வாரம், லீவு முடிந்து முதல் நாள். ஸ்பீக்கர் முன்னால் போகும் தரம் ஏழு பிள்ளையின் பையில் இருந்தது. நான் கடைசியில். நீ நிற்கச் சொன்னாய், பதினொரு பேரும் நின்றார்கள். அவர்கள் நிழலை அளந்து முடிக்கிற நேரம் தற்செயலாக மேலே பார்த்தேன். முறம் அளவுக்குக் குளவிக்கூடு, கறுப்பாக, நெளிந்துகொண்டு.

குளவியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? கொழுந்து பறிக்கப்போய்க் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடக்காத குடும்பம் நம் தோட்டத்தில் ஏது? சத்தம் போட்டால் கலைந்துவிடும் என்று கத்தவும் பயம். விறுவிறுவென்று முன்னால் போய் அந்தப் பையைப் பிடித்தேன். அவசரத்தில் நிறுத்துகிற பொத்தான் அகப்படவில்லை. ஸ்பீக்கரை எடுத்து ஸ்வெட்டருக்குள் திணித்து வயிற்றோடு அழுத்தினேன். என் வயிற்றுக்குள்ளிருந்து நீ சொன்னாய், "பலமா கை தட்டுங்க!"

சின்னவள் ஒருத்தி தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். தூக்கிய கையோடு என்னையே பார்த்தாள். எல்லோரையும் மெல்ல நகர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

கீழே இறங்கியதும் அவள் கேட்டாள், "அந்த டீச்சர் ஏன் நம்மள அங்க நிக்கச் சொன்னாங்க?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா. அவங்க போனதுக்கு அப்புறம் வந்த கூடு."

சொல்லி முடித்தபோதுதான் நீ செத்துப்போனதை நான் முழுதாக நம்பினேன்.

நமக்கு வேறு பாதை கிடையாது. கூட்டை எடுக்க ஆள் வரும் என்கிறார் கணக்கப்பிள்ளை. எப்போது என்றுதான் தெரியவில்லை. சில நாள் ஸ்பீக்கரைப் போடாமலே கூட்டிவந்தேன். நடைப்பாடத்தையே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சின்னவளின் அம்மாதான், "நிப்பாட்டிராதீங்க டீச்சர், எம்மக இப்பத்தான் கணக்கே போடுறா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று பதிவில் அந்த மரத்தடி நாலு நிமிடத்தை வெட்டினேன். உன் மூச்சும் அதோடு போயிற்று. அந்த இடத்தில் இப்போது, மரம் வருமுன்பே, என் குரல்: "யாரும் நிக்காதீங்க. பேசாதீங்க. டீச்சர் பின்னாலயே வாங்க." பிறகு மரத்தைத் தாண்டும்வரை சத்தமே வராது. ஐந்து தடவை பதிந்தும் நடுக்கம் போகவில்லை. "பயந்துக்கிட்டே செய்டி, ஆனா செய்" என்று என்னைக் கேலி செய்வாயே, அதை நினைத்து அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று நான் முன்னால் நடந்தேன். நான் திரும்பிப் பார்த்தால் அவர்களும் நின்றுவிடுவார்கள். அதனால் மரத்தடியில் திரும்பவே இல்லை. பின்னால் வரும் காலடிச் சத்தத்தைக் காதாலேயே எண்ணிக்கொண்டு நடந்தேன், பதினொரு பேரும் வருகிறார்களா என்று.