கப்பலின் முன்பக்க அறை எனக்குத்தான்

நான் வாய் திறந்து ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் அன்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

உங்கள் நினைவு நாள் வருகிறது. பேப்பரில் போட நாலு வரி எழுதித் தரும்படி மகன் மோகன் கேட்டான். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவள் என்பதால் அந்த வேலை மட்டும் வருஷா வருஷம் என்னிடம் வரும். போன வருஷம் "பாசத்தின் சிகரமே, குடும்பத்தின் ஒளிவிளக்கே" என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே சிரிப்பு வந்தது. இந்த வருஷம் உள்ளதை எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் நல்ல செய்தி. சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் நம் மகள் வனிதாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. நம் பக்கத்துப் பூனாகலையிலிருந்து போய் அங்கே நன்றாக இருக்கிற குடும்பம். நிச்சயதார்த்தத்தைக் கப்பலில் வைக்கிறார்கள். சிங்கப்பூரில் புறப்பட்டு, கடலைச் சுற்றிக் காட்டிவிட்டு, மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடுகிற உல்லாசக் கப்பல். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர எதற்குக் கப்பல் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களைத்தான் யாரும் கூப்பிடவில்லையே.

எனக்குத் தனி அறை. எது வேண்டும் என்று பார்த்துச் சொல்லும்படி வனிதா கப்பலின் படத்தைப் போனில் அனுப்பியிருந்தாள். நடுவில் ஜன்னலே இல்லாத அறைகள். இரண்டு பக்கமும் பால்கனி வைத்த அறைகள். கப்பலின் முகப்பில், போகிற திசையைப் பார்த்தபடி பால்கனி வைத்த அறைகள் கொஞ்சம். எனக்கு எதுவாக இருந்தால் என்ன, மகளுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம்தான் மோகன் பெண்டாட்டியோடு வந்தான். பதுளை பஸாரில் அவன் போட்டிருக்கிற ஹார்ட்வெயார் கடை நன்றாக ஓடுகிறது, அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. தட்டு மாத்துறப்ப நாங்க ரெண்டு பேரும் முன்னுக்கு உக்காந்துக்கிறோம். நீ ரூம்லயே இருந்துக்க. மாப்பிள வீட்டாளுக சகுனம் பாக்குறவங்க."

மருமகள் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு வனிதாவுக்குப் போன் எடுத்தேன். அவளாவது இல்லையென்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"அண்ணே சொல்றதும் சரிதானேம்மா. என்னோட வாழ்க்கையில்லியா? ரூம்ல டிவி எல்லாம் இருக்கும். முடிஞ்சதும் சாப்பாட்ட நானே கொண்டாந்து தாறேன்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சாப்பாடு கொண்டுவந்து தருவாளாம். வீட்டு நாய்க்கும் அப்படித்தானே வைக்கிறோம்? நீங்கள் போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளை ஆளாக்கியது யார்? பொட்டில்லாத இந்த நெற்றியோடுதானே ஒவ்வொரு வாசலுக்கும் போய் நின்றேன்? அப்போது யாரும் சகுனம் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பாடம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். நாம் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்த காலத்தில் அடுத்த வீட்டுச் செல்லம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். புருஷன் செத்தபோது அவளுக்குத் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. நீங்கள் வேனை எடுத்துக்கொண்டு வாடகை ஹயர் போகிற காலைகளில், முதல் வேலையாக மோகனை அனுப்பி அவள் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்வீர்கள். ஒருநாள் தெரியாமல் வாளியோடு வெளியே வந்துவிட்டாள். "முண்டச்சி, ஒனக்கு நேரங்காலம் கெடையாதா?" என்று கத்தினீர்கள். வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடி புறப்பட்டீர்கள். அவள் அந்த வாளியைக் கீழே வைக்கவும் தெரியாமல் அங்கேயே நின்றாள்.

நானோ மகாராணி. தலைக்குக் குளித்து, பூவும் பொட்டுமாக, நிறைகுடத்தோடு வேனுக்கு எதிரில் நிற்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பீர்கள். ஆனால் முன்சீட்டில் ஒருநாளும் என்னை ஏற்றவில்லை. அது ஹயர் பேசின ஆளுக்கு. நான் பின்னால் ஸ்பெயார் டயர் மேல்.

நீங்கள் போன அன்றைக்கும் குறை வைத்தேனா? குளித்தேன், பூ வைத்தேன், குடத்தை நிரப்பினேன். செல்லம்மாவின் கதவு சாத்தியே இருந்தது. ஹாலிஎல டவுன் வந்து சேருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டீர்கள். கடைசியாகப் பார்த்தது ஒரு சுமங்கலியின் முகத்தை. நியாயமாகப் பார்த்தால் நீங்கள் நூறு வயது இருந்திருக்க வேண்டும்.

கருமாதியில் என் வளையலை உடைக்கச் செல்லம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். கண்ணாடி குத்தாமல் இருக்க என் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வைத்தாள். "வலிக்குதாக்கா?" என்று காதுக்குள் கேட்டாள். அந்தச் சாவு வீட்டில் என்னை அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்ட மோகன், வாசலில் என்னைக் கண்டதும் நின்றான். உள்ளே திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்தான். குடித்த விதம்கூட உங்களை உரித்து வைத்த மாதிரி இருந்தது.

இதையெல்லாம் யோசித்து முடித்த பிறகு வனிதாவுக்கு மறுபடி போன் எடுத்தேன்.

"சரிம்மா, நான் ரூம்லயே இருந்துக்கிறேன். ஆனா கப்பல் போற பக்கத்தப் பாத்த முகப்புப் பால்கனி ரூமப் போடு."

"அது வேணாம்மா. அங்கதான் ஆட்டம் ஜாஸ்தி. காத்து கடுமையா அடிச்சா பால்கனிக் கதவப் பூட்டிருவாங்க. ராத்திரியில கர்ட்டனை இழுத்து மூடிரணும், வெளிச்சம் தெரிஞ்சா மேல கப்பல் ஓட்டுறவங்களுக்குக் கண்ணு கூசுமாம்."

"கதவச் சாத்திட்டு உள்ள இருக்கிறது எனக்குப் புதுசா? போடு."

போட்டுவிட்டாள். நான் சம்மதித்த சந்தோஷத்தில் வேறு ஒன்றும் அவளுக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்குப் பெரிய மனசு என்றானாம் மோகன். என் மனசு எவ்வளவு பெரியது என்று இப்போதைக்கு உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நிச்சயதார்த்தம் நடக்கிற மண்டபம் கப்பலின் நடுவில். தட்டு, மாலை, ஐயர், சம்பந்தி, மோகன், மருமகள் எல்லாரும் எனக்குப் பின்னால். கப்பலுக்கே எதிரில் தாலியறுத்தவள் நான். இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர நடுக்கடலில் வீடு ஏது? உங்கள் நினைவு நாள் கப்பல் திரும்பி வந்த பிறகுதான் வருகிறது. இதை மோகன் கையில் கொடுக்காமல் நானே பேப்பருக்கு அனுப்புகிறேன். அவன் அதில் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைக்கப் போவதில்லை. அந்தக் கல்யாணம் விளங்காமலே போகட்டும் என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்தேன். பெற்ற வயிறு என்றும் பார்க்கவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவும்போதும் அந்த நினைப்பு போகவில்லை. பிறகுதான் ஒன்று விளங்கியது. அவள் வாழ்க்கை கெட்டால் ஜெயிப்பது நீங்கள். செல்லம்மாவின் கதவைச் சாத்தியது சரிதான் என்று ஆகிவிடும். உங்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. ஆகவே அவள் நன்றாக இருக்க வேண்டும். அதற்காக நான் சாமி கும்பிடுகிறேன், உங்களைத் தோற்கடிப்பதற்காகவே கும்பிடுகிறேன். தாய்ப்பாசம் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். தட்டு மாற்றுகிற நேரத்தில் டிவி பார்க்க மாட்டேன். காற்று விட்டால் அந்தப் பால்கனியில் நிற்பேன், விடாவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பேன். கப்பல் திரும்பி வந்து இறங்குகிற அன்று காலை, சாப்பாட்டு மேசையில் சம்பந்தி வீட்டார் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, நான் எழுந்து சொல்வேன்: "இவ்வளவு தூரமும் ஒங்க எல்லாருக்கும் முன்னாடி போனவ நான்தான். பாத்துக்கங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

இப்படிக்கு,
வனிதாவைப் பெற்றவளும்
உங்கள் மனைவியுமான
சரோஜா