ஒன்பதாம் நாள் நீ சொன்னது

ஏப்ரல் 3

தங்கைக்கு,

‘அன்புள்ள’ விடுபட்டது மறதியால் அல்ல. நானே எடுத்துவிட்டேன்.

மருத்துவமனையிலிருந்து வந்து மூன்று மாதம். காலில் பட்ட சின்ன வெட்டு செப்சிஸாகி, கிருமி ரத்தமெல்லாம் பரவி, வலக்காலின் நான்கு விரல்களைக் கொண்டுபோயிற்று. இப்போது தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. குளியலறைக்குப் போய்வருவதற்குள் மலையேறி இறங்கினாற்போல் மூச்சு வாங்குகிறது. இதெல்லாம் புகார் அல்ல, செய்தி.

புகார் இது. நான் தொண்டையில் குழாயோடு கிடந்த ஒன்பதாம் நாள், “போதும் டாக்டர், அக்காவை விட்டுடுங்க” என்றாய். கண்தான் மூடியிருந்தது, காது மூடவில்லை. அன்றைக்கே என் கறுப்புக் காலணியை வார்டு ஆயாவுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய்.

ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும். கான்வென்டில் உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மயக்கத்தில் ஏதோ கேட்டதாகத் தோன்றியிருக்கும் என்று சொல்லி நான் தப்பிக்கலாம். மனம் வரவில்லை. சொன்னேன்.

அன்றைக்கு உன் சிறுநீரகம் நின்றுவிட்டது. விரல்கள் கரிக்கட்டையாகிவிட்டன. அத்தான் இதே மாதிரி ஒரு மாதம் கிடந்து போனபோது, வராந்தா பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? “எனக்கு இந்த கதி வந்தா இழுத்தடிக்க விடாதேடி. சத்தியம் பண்ணு.” பண்ணினேன். அதைத்தான் காப்பாற்றினேன். “இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்” என்ற அந்தப் பெண் டாக்டருக்குத் தினமும் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன்.

காலணி விஷயம் தப்புதான். ஆயாவின் செருப்பு அறுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

உன் சின்னி

ஏப்ரல் 12

சின்னிக்கு,

வராதே.

அப்படிச் சொன்னேன்தான். ஆனால் சொன்னவள் இரண்டு காலில் வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டுத் தூங்கியவள். கிடந்தவள் வேறு. அவளை யார் கேட்டீர்கள்?

அக்கா

ஆகஸ்ட் 30

சின்னிக்கு,

அதற்குப் பிறகு நீ போட்ட மூன்று கடிதங்களும் வந்தன. பழி வாங்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமே, அதற்காகக் காத்திருந்தேன்.

நடைப் பயிற்சி கொடுக்க வரும் பெண், “யார் மேலம்மா இவ்ளோ கோவம்? வாக்கர் கம்பியை நசுக்குறீங்களே!” என்றாள். “தங்கச்சி மேல.” “அப்ப அவங்களை நெனச்சுக்கிட்டே இன்னும் பத்து அடி வைங்க.” அப்படித்தான் நடந்தேன். இப்போது கைத்தடி மட்டும்தான்.

இந்த நோய் மறுபடியும் வரலாமாம். நான் பேச முடியாமல் போனால் யாரைக் கேட்பது என்று மருத்துவமனையில் ஒரு படிவம் தந்தார்கள். எனக்குப் பிள்ளையில்லை, உன் பெயரை எழுதினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்து அழுது தொலைக்காதே. கீழே சேர்த்திருக்கிறேன்: கடைசி மூச்சுவரை எல்லாச் சிகிச்சையும் செய்ய வேண்டும். ஒன்பது நாளோ தொண்ணூறு நாளோ, என் கட்டில் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நீ உட்கார்ந்திருக்க வேண்டும். உனக்கு அதுதான் தண்டனை.

ஞாயிறு பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடு. வரும்போது புதிய கறுப்புக் காலணி வேண்டும். வலதில் விரல் இல்லாத இடத்துக்குப் பஞ்சு வைக்கச் சொல்.

இதைத் தபால் பெட்டிவரை நானே நடந்து போய்ப் போடுகிறேன்.

அக்கா

செப்டம்பர் 4

அக்காவுக்கு,

வருகிறேன், காலணியோடு. கையெழுத்தும் போடுகிறேன்.

நானும் அந்தப் படிவம் ஒன்று வாங்கினேன். அதில் உன் பெயர். என்னை இழுத்தடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். என் கட்டில் பக்கத்தில் நின்று டாக்டரிடம் “போதும்” என்று சொல்ல வேண்டியவள் நீ.

நீயும் ஒரு தடவை சொல்லிப் பார்.

சின்னி