மிஷினிடம் சொன்னது

செவ்வாய், இரவு.

பகைக்கு வேறு சொற்கள் எழுதிவரும்படி மகளுக்கு வீட்டுப்பாடம். விரோதம், வன்மம், காழ்ப்பு என்று எழுதியிருந்தாள். "இதுல நீயும் பெரிப்பாவும் எதுப்பா?" என்று காலையில் கேட்டாள். நோட்டை மூடி அவள் பையில் வைத்தேன்.

அண்ணனும் நானும் பேசி ஆறு வருடமாகிறது. கம்பெனியில் இருவருக்கும் ஒரே பிரஸ் மிஷின். அவர் முதல் ஷிப்ட், நான் இரண்டாவது. ஷிப்ட் மாறும்போது அவர் மிஷினைப் பார்த்துத்தான் விவரம் சொல்வார். நானும் மிஷினுக்கே பதில் சொல்வேன்.

இன்று ஜுரத்தோடு போனேன். என்னை ஒருமுறை பார்த்தவர், மிஷின் பக்கம் திரும்பினார்.

"அவன ஊட்டுக்குப் போவச் சொல்லு. இந்த ஷிப்டும் நானே பாத்துக்கிறேன்."

"அந்தாளு நைட்டுக்கு இன்னா துன்னுவாராம்? கேளு," என்றேன், மிஷினிடம்.

"நான் கேன்டீன்ல துன்னுக்கிறேன். நீ மொதல்ல போயி மாத்திரையப் போடுடா!"

என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவர் அவசரமாகத் துணியை எடுத்து மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். வீட்டுக்குக் கிளம்பி, கவரைப்பேட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மகளின் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் எங்களுக்கான சொல் இல்லை.

மாத்திரை போட்டுவிட்டேன். நாளைக்கு மிஷினிடம் சொல்ல வேண்டும்.