மூன்று முறை கூப்பிட்டார்களாம்

என் கோபக்காரருக்கு,

இன்று மருத்துவமனையில் எனக்குப் பெரிய தகராறு. காது கேளாத ஒரு கர்ப்பிணி காலையிலிருந்து டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். மதியம் சீட்டு கொடுக்கும் அக்கா அவள் பெயரை அடித்துவிட்டார்.

"மூணு தடவை மைக்ல கூப்பிட்டாச்சு சிஸ்டர். வரலைன்னா நான் என்ன பண்றது?"

"காது கேக்காதவளை மைக்ல கூப்பிட்டா எப்படிக்கா வருவா? தொட்டுக் கூப்பிட்டா கை தேஞ்சா போயிடும்?"

அதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். நாளைக்கு வரச் சொல்லி எழுதிக் காட்டினேன். இதெல்லாம் பழகியவள் போலத் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்குத்தான் இன்னும் கோபம் ஆறவில்லை.

போன மாதம் லீவில் வந்தபோது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று நம் பாப்பாவைத் திமிர் பிடித்தவள் என்றீர்கள். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை அவளைக் காது டாக்டரிடம் காட்டப்போகிறேன். லீவு போட்டுவிட்டு வாருங்கள். அவர் சொல்லப்போவதை என்னால் தனியாகக் கேட்க முடியாது.

உங்கள் மனைவி