ஒரு படி தவிடு

1959 சனவரி 12, திங்கள்
பொகவந்தலாவை

தபால் கந்தோரில் முத்திரை விற்பனை மந்தம். பதினொரு மணிக்கு, மேல்தோட்டத்துக் கந்தப்பன், மனைவி காளியாயியோடும் மகள் சண்முகவடிவோடும் வந்தார். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். மகள் எஸ்.எஸ்.ஸி. தேறியிருக்கிறாள். அந்தத் தோட்டத்தில் இவளுக்கு முன் ஒருவரும் தேறவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு விண்ணப்பம் போட வேண்டுமாம். முப்பத்தொன்றாம் திகதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

படித்த பிள்ளையே நிரப்பலாமே என்றேன்.

"தபால் கந்தோர்லயே எழுதுனா கடுதாசி சீக்கிரம் போகுமாமுங்க" என்றார் கந்தப்பன்.

மகள் குனிந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் நாலு பக்கக் கேள்விகளைக் கண்டதும் கை பரபரத்தது. யாழ்ப்பாணத்திலிருக்கும் செல்வமலர் என்னைக் கட்டிய நாள்முதல் சொல்லி வருவது: "மற்றவன்ர அடுப்பில என்ன வேகுதெண்டு தெரியாட்டி உங்களுக்கு நித்திரை வராது." உண்மைதான். வாங்கி வைத்துக்கொண்டேன்.

14, புதன்

பொங்கல். கந்தோர் மூடல். விண்ணப்பத்தை மூன்று தடவை வாசித்தேன். ஊர் விடுப்பு அறியும் ஆசை அரசாங்கத்துக்கு என்னைவிடக் கூட.

16, வெள்ளி

சண்முகவடிவின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கந்தப்பன் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் — தந்தை பெயர் அழகன். தாய் பெயர் அம்மாக்கண்ணு!

இருவரும் கந்தப்பனின் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா அறைக்காரர்கள். காளியாயி பெயர் பத்திரத்தில் எங்குமே இல்லை. தத்தெடுத்த பிள்ளையா? அல்லது கந்தப்பன் ஏதும்... சே, என்ன புத்தி இது. ஆனால் அந்தப் பெண்ணின் மூக்கு காளியாயியின் மூக்கு. அச்சாக அதே மூக்கு.

17, சனி

கேட்கக் கூடாது. கேட்காமல் சோறும் இறங்கவில்லை.

18, ஞாயிறு

மலை ஏறிப் போயே கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன். காளியாயி பாதியிலேயே புரிந்துகொண்டு சிரித்தாள்.

அவளுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவது பிறந்த அன்றே அம்மாக்கண்ணு ஒரு படி தவிடு கொடுத்து அதை வாங்கிவிட்டாள். விற்ற பிள்ளை காளியாயியுடையது அல்லவே, யமன் தேடி வந்தால் ஏமாந்து போவானாம். மூன்று மாதம் கழித்துத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொண்டார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் பிறப்புப் பதிகிறவர் வந்து, யாருடைய பிள்ளை என்று கேட்டிருக்கிறார். லயமே ஒரே குரலில் சொல்லியிருக்கிறது: அம்மாக்கண்ணு பிள்ளை.

"பதியிறவருக்காவது உண்மையைச் சொல்லக் கூடாதோ?" என்றேன்.

"எமனுக்கு ஒண்ணு, பதியிறவருக்கு ஒண்ணு சொல்ல முடியுங்களா? காத்துல போயி அவன் காதுல விழுந்துட்டா?"

இறங்கி வரும் வழியெல்லாம் தனியே சிரித்தேன். சனியன் பிடித்த மூளை, கந்தப்பனைப் போய்ச் சந்தேகித்தேனே.

20, செவ்வாய்

இன்று சிரிப்பு இல்லை.

ஒன்பதாவது கேள்வி: தந்தையின் பிரஜாவுரிமை. தோட்டத்துச் சனம் அதை மனுப் போட்டுத்தான் பெற வேண்டும். கந்தப்பனின் மனு நாலு வருடத்துக்கு முன்பே நிராகரிக்கப்பட்டுவிட்டது. அழகனுக்குக் கிடைத்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. அழகனின் மனுவை எழுதியவர் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்தே பிள்ளைகளின் பெயரை எழுதியிருக்கிறார். அழகனிடம் வாங்கிப் பார்த்த பிரஜாவுரிமைச் சான்றிதழில் சண்முகவடிவும் இருக்கிறாள்!

பத்திரத்தில் உள்ளபடி எழுதினால் அவள் இந்த நாட்டுப் பிரஜை, கலாசாலைக்குப் போகலாம். தாய் தகப்பனைத் திருத்தினால் எந்த நாட்டுக்கும் உரியவள் இல்லை. பெரிய கெட்டிக்காரன் மாதிரி இதை அவர்களிடம் விளக்கினேன். கந்தப்பன் தரையைப் பார்த்தார். காளியாயி மட்டும் கேட்டாள்:

"அப்ப எம்பேரு எங்கயுமே வராதுங்களா?"

வராது என்றேன்.

24, சனி

ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

காலையில் அம்மாக்கண்ணு வந்தாள். "நான் அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டேன் ஐயா. தவிட்டையும் வாங்கிட்டேன். இப்ப எம்புள்ளைன்னு எழுதுனா அது களவு. அவ மூஞ்சியில எப்புடி முழிப்பேன்?"

பின்னேரம் சண்முகவடிவு. கண் சிவந்திருந்தது. "எங்கம்மா பேரு இல்லாத பாரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. படிப்பு கெடைக்காட்டிப் போகட்டும், கொழுந்து பறிக்கிறேன்."

கொழுந்து பறிக்கவா பதினொரு வருடம் படித்தாய் என்று கத்திவிட்டேன். எனக்கேன் இந்தக் கோபம்? என்ர பிள்ளையா அவள்?

பத்திரத்தில் உள்ளதை எழுதுவது பொய்யா? இல்லாததை எழுதினால்தான் உண்மையா?

28, புதன்

ஒருவரும் வரவில்லை. இன்னும் மூன்று நாள். மேசை இலாச்சியை இழுத்தால் விண்ணப்பம் கிடக்கிறது.

30, வெள்ளி

மூடுகிற நேரத்துக்குச் சற்று முன் ஐந்து பேராக வந்தார்கள். அம்மாக்கண்ணு கையில் படி நிறையத் தவிடு. மூடப்போகிறேன் என்றேன். காளியாயி காதில் வாங்கவில்லை.

"ஐயா சாட்சி" என்று சொல்லி முந்தானையை விரித்து நீட்டினாள். அம்மாக்கண்ணு தவிட்டை அதில் கொட்டினாள். முத்திரை விற்கும் மேசையெல்லாம் தவிடு. காளியாயி மகளின் கையைப் பிடித்து அம்மாக்கண்ணு கையில் வைத்தாள்.

"வித்துட்டேன். வேல கெடைச்சதும் மீட்டுக்கிறேன்."

சண்முகவடிவு கையை இழுத்துக்கொண்டு அழுதாள். காளியாயி அழவில்லை. "நீ உசுரோட நிக்கிறதே நான் வித்ததுனாலதான்டி. போடு கையெழுத்த."

போட்டாள். அழகன் கைநாட்டு வைத்தார். கந்தப்பன் சுவரிலிருந்த தபால் கட்டண அட்டவணையைப் பார்த்தபடியே நின்றார், அவருக்கு எழுத்துத் தெரியாது. தாய் பெயர் என்ற இடத்தில் அம்மாக்கண்ணு என்று நான் எழுதியபோது காளியாயி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெயரின் கடைசி எழுத்து கோணிவிட்டது.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். மேசையைத் துடைத்துப் பூட்ட ஆறு மணி.

மே 19, செவ்வாய்

அனுமதி வந்தது! பையிலிருந்து எடுத்த உடனே தெரிந்துவிட்டது. தபால்காரனை அனுப்பாமல் நானே ஓடினேன். விலாசத்தில் "அழகன் மகள்" என்றிருந்தது. காளியாயிக்கு அதை வாசித்துக் காட்டாமல் "கெடைச்சிட்டுது" என்று மட்டும் சொன்னேன்.

1961 ஆகஸ்ட் 12, சனி

கினிகத்தேனையிலிருந்து ஒரு பதிவுப் பார்சல். பெறுநர் அம்மாக்கண்ணு. மூலையில் தையல் விட்டு ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன். தவிடு.

சண்முகவடிவு அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் தானே கொண்டுவந்து கொடுக்கலாம். தவிட்டுக்கு ஏன் பதிவுத் தபால் செலவு என்று யோசித்தேன். கூடவே வந்த ஒப்புகை அட்டையைத் திருப்பியதும் புரிந்தது. அரசாங்க முத்திரை விழுந்த அந்த அட்டையில், அனுப்புநர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில், "சண்முகவடிவு, காளியாயி மகள்."

நானே தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். அம்மாக்கண்ணு பார்சலை முகர்ந்து பார்த்துச் சிரித்து, அட்டையில் பெருவிரலைப் பதித்தாள். காளியாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல எம்பேரு எதுங்கய்யா?"

காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தாள். அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும், கடைசி பஸ்ஸில் தபால் பை போய்விடும் என்று சொன்னேன். தலையாட்டினாள், விரலை எடுக்கவில்லை.

நானும் அவசரப்படுத்தவில்லை. திங்கட்கிழமைப் பையில் போகட்டும்.