சின்ன மண்ணடியில் முதல் நோன்பு

ஜனவரி 14, 2025
பொங்கல். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து செல்லம்மா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். ஆறு கடை இருந்த வரிசையில் இப்போது என் மளிகையும் ஜமால் காக்காவின் தையல்கடையும்தான். மற்றதெல்லாம் பூட்டு. தோட்டத்து ஜனத்தில் பாதிப்பேர் மலை இறங்கிப் போன பிறகு யாருக்கு விற்பது?

ஜனவரி 23
மேனேஜர் குணாளன் வந்தான். பிப்ரவரி கடைசிக்குள் வரிசையைக் காலி செய்ய வேண்டுமாம். தேயிலை பார்க்க வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடமாம். "மேனேஜ்மென்ட் முடிவு ஆண்ட்டி. என் கையில ஒண்ணும் இல்லலா" என்றான். இதே லயத்தில் பிறந்தவன். சின்ன வயதில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு முதல் ஆளாக வந்து நிற்பான். அதையும் சொல்லிக் காட்டினேன். நோட்டீஸைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 24
எந்த வேலையும் ஓடவில்லை. மாமனாரின் வாப்பா மதராஸ் மண்ணடியிலிருந்து மலாயாவுக்கு வந்தவர். துணி மூட்டையைச் சுமந்து லயம் லயமாக ஏறியவர். வெள்ளைக்காரத் துரை இந்த மேட்டைக் காட்டி, இங்கேயே கடை போட்டுக்கொள் என்றானாம். அவர் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராக வரவழைத்தார். தோட்டத்து ஜனம் 'சின்ன மண்ணடி' என்று பெயர் வைத்தது. துரையின் வாய்ச்சொல்லே போதும் என்று இருந்துவிட்டார்கள்! பட்டா கேக்கணும்னு ஒருத்தருக்குக்கூடவா தோணல? என்ன வியாபாரிங்க இவங்க?

பிப்ரவரி 9
மகன் இர்ஃபான் ஈப்போவில் வக்கீலைப் பார்த்தான். வழக்குப் போட வழியே இல்லையாம். "சாமானக் கட்டுங்க உம்மா, ரூம் ரெடியா இருக்கு" என்றான். அவனுக்குச் சந்தோஷம்தான். மறைக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 20
குணாளனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். முதல் நோன்பன்று கஞ்சி காய்ச்சி லயத்து ஜனத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று. கொரோனா காலம் தவிர நின்றதில்லை. இந்துக்களும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்களும் வந்து வாங்கிப் போவார்கள். "ஒருநாள்தானே ஆண்ட்டி, செய்யுங்க" என்றான். இதற்கா சந்தோஷப்படுவது? பட்டேன்.

பிப்ரவரி 26
கடைக்கு ஒருவரும் வரவில்லை.

மார்ச் 1
கான்ட்ராக்டரின் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். பின்பக்கக் கொட்டகையும் விறகடுப்பும் மண்ணோடு மண். கேட்டால், ஆர்டர் என்கிறார்கள். பெரிய கேஸ் அடுப்பு வாடகைக்கு எடுக்க ஜமால் காக்கா தானா ராத்தா டவுனுக்குப் போயிருக்கிறார்.

மார்ச் 2
அண்டா நிறையக் காய்ச்சினோம். சாயங்கால அசர் தொழுகை முடிந்தது. யாரும் வரவில்லை. மழையாக இருக்கும் என்றார் காக்கா. மழையும் இல்லை, பனியும் இல்லை; லயம் பளிச்சென்று தெரிந்தது. பாங்கு நேரத்துக்கு அவரும் நானும் ஆளுக்கொரு கிண்ணம் குடித்து நோன்பு திறந்தோம். மீதியை வாய்க்காலில் ஊற்றினேன். அழுதேன். இவ்வளவுதானா நாங்க இவங்களுக்கு?

மார்ச் 3
லோரியில் சாமான் ஏற்றும்போது செல்லம்மா ஓடிவந்தாள்.

"என்ன பாயம்மா, இந்த வருசம் கஞ்சி ஊத்தாமலே போறீங்க?"

"காய்ச்சினேனே! நீங்க ஏன்டி வரல?"

"பொகையே கெளம்பலையே பாயம்மா! வாளியக் கழுவி வச்சிக்கிட்டு எல்லாரும் மேட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம். பொகையப் பாத்துத்தானே வருவோம். மொத நாளு இடிச்ச சத்தம் வேற கேட்டுச்சு. பாவம், போயி நின்னா ஒங்களுக்குச் சங்கடம்னு இருந்துட்டோம்."

கேஸ் அடுப்பில் ஏது புகை? ஒருநாளும் நாங்கள் ஆள்விட்டு அழைத்ததில்லை. அவர்களாக வருகிறார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒரு போன் போட்டிருக்கலாமே! கையில்தானே இருந்தது சனியன்.

கட்டிப்பிடித்துக்கொண்டேன். லோரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

மார்ச் 12, ஈப்போ
பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கிறார்கள், பிளாஸ்டிக் பையில் கட்டி. இர்ஃபான் வேலையிடத்திலேயே நோன்பு திறப்பதால் நான் மட்டும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவள் எந்த ஊர் என்று கேட்டாள். கேமரன் மலை என்றேன்.

"அங்க நம்ம ஆளுங்க கடை இருக்கா?"

"இல்ல."

அதற்குள் அவள் முறை வந்து, வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கஞ்சி கொடுத்தவர் என்னிடம் எத்தனை பேருக்கு என்று கேட்டார். ஒரு ஆளுக்கு என்றேன்.