நாலு மெஷின், நாற்பது வீடு

டிச. 9, செவ்வாய்

மேகமூட்டம். மழை விட்டாயிற்று. நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று ஒரு முக்கிய முடிவு எட்டப்பட்டது: மதியச் சாப்பாட்டை இனி மெஷின் ஓடும் அறையில் வைப்பதில்லை. தயிர்சாதம் செங்கல்லாகிவிடுகிறது. முடிவு உடனே அமலுக்கு வந்தது. டிரைவர் ரூபன் அண்ணன் வழிமொழிந்தார். எதிர்ப்பு இல்லை.

பொன்னேரியிலிருந்து வேனில் நாலு மெஷின், எட்டு ப்ளோயர். ஏரிக்கரைக் குப்பம். நாற்பது வீடு, எல்லாவற்றிலும் வெள்ளம் நின்று வடிந்திருக்கிறது. செலவு ஓர் அறக்கட்டளையுடையது. வேலை என்னுடையது: கதவு ஜன்னலை மூடி, மெஷினை ஓடவிட்டு, சுவரில் ஊறிய ஈரத்தை உறிஞ்சி வாளியில் இறக்குவது. வீட்டுக்கு ஐந்து நாள், இடைவிடாமல். நடுவில் நிறுத்தினால் ஏரிக்காற்று எல்லா ஈரத்தையும் பொறுப்பாகத் திருப்பிக் கொடுத்துவிடும்.

நாலாவது மெஷின், மெ-4, அஞ்சலை வீட்டில். பள்ளத்து வீடு, ஊரிலேயே மோசம். அஞ்சலை மீன் விற்கிறாள். கணவன் இல்லை. நாலு வயது மகனுக்கு வீசிங். பொன்னேரியில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறாள். சுவர் காயாமல், பூஞ்சை போகாமல், பையனை அங்கே படுக்க வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"தெனம் போன் பண்றான்க்கா. செவுரு காஞ்சிச்சான்றான். நேத்து இன்னா சொல்றான், நீ ஊதும்மா, காஞ்சிடும்ன்றான்."

"ஊத ஆள் வந்தாச்சுன்னு சொல்லு" என்றேன். பெரிய வாய்.

டிச. 10, புதன்

ஊர்க்கூட்டம். பெண்களுக்கு இடமில்லை. எனக்கு மட்டும் விதிவிலக்காக, வலைக்குவியல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மேடம் என்பதால் நாற்காலி. பெண் என்பதால் ஓரம்.

தலைவர் எழுந்தார். "ஏரில பாடு எப்டியோ அப்டித்தான் மெஷினும். சீட்டு எடுப்போம். வூட்டுக்கு ஒரு நாளு. யாருக்கும் கொறயில்ல."

ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துச் சுற்றுவதுதான் பாடு. நல்ல இடம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. இறாலுக்கு மிகவும் பொருந்தும்.

"தலைவரே, ஒரு நாள்ல எந்தச் செவுரும் காயாது. இப்படி ஓட்டினா நாப்பது வீடும் ஈரமாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும் மேடம். நாப்பதும் ஒண்ணா இருக்கும்ல? நாலு வூடு காஞ்சி மிச்சம் நனஞ்சி கெடந்தா இங்க மண்ட ஒடையும். நீங்க வேன எடுத்துக்கினு பூடுவீங்க. நாங்க இங்கதான் கீறோம்."

சமத்துவம் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் ஈரச் சுவருக்கு ஓர் அத்தியாயம் இல்லை.

நாற்பது வீட்டுக்கு முப்பத்தொன்பது சீட்டு. அஞ்சலை பெயர் இல்லை. ஏரிப் பாட்டில் பங்கு கல்யாணமான ஆண்களுக்குத்தான். கணவன் செத்ததும் பங்கு போயிற்று. பங்கு இல்லாததால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் மெஷின் இல்லை. இந்தக் கணக்கில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை.

மெ-4ஐத் தூக்கிப் போனார்கள். வாளியில் பாதித் தண்ணீர்.

டிச. 11, வியாழன்

முதல் நாள் முறை. பார்த்தவை:

ஒரு வீட்டில் ஜன்னலெல்லாம் திறப்பு. "காத்து வராம எப்டி மேடம் காயும்?" மெஷின் தனியாளாக ஏரியை உலர்த்திக்கொண்டிருந்தது.

இன்னொன்றில் ப்ளோயர் முன்னால் கயிறு கட்டிக் கருவாடு. அருமையாகக் காய்ந்திருக்கிறது. கருவாடு.

மூன்றாவதில் கரண்ட் பில் பயம். மெஷினை அணைத்து, பத்திரமாகப் போர்வை போர்த்தியிருந்தார்கள்.

நான்காவதில் எல்லாம் சொன்னபடி செய்தார்கள். சுவரில் வைத்துப் பார்க்கும் ஈர மீட்டரில் எண் துளி இறங்கியது. சாயங்காலம் முறை முடிந்தது, மெஷின் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

கோபம். எழுதினால் குறையும் என்கிறார்கள். எழுதினேன். குறையவில்லை.

ரூபன் அண்ணன்: "இன்னாத்துக்கும்மா பல்லக் கடிச்சிக்கினு கீற? நம்ம மெஷினு, நம்ம வேனு. ஏத்திக்கினு பூடலாம் வா."

அஞ்சலை வேன் பக்கத்தில் மீன் கூடையோடு நின்றிருந்தாள். மெஷினை ஏற்றவில்லை.

டிச. 12, வெள்ளி

மெ-4 இன்று பழுதடைந்தது. தலைவரிடம் முறைப்படி அறிவித்தேன். என்ன பழுது என்றார். "கம்ப்ரஸர்." அந்தச் சொல்லை எதிர்த்து யாரும் பேசுவதில்லை.

ரிப்பேருக்கு மூடிய அறை வேண்டும். ஊரில் யார் முறையும் நடக்காத ஒரே வீடு அஞ்சலையுடையது. தலைவர் தலையாட்டினார். ஜன்னல் சந்துக்கெல்லாம் டேப். ரிப்பேரில் மெ-4 நன்றாக ஓடுகிறது.

டிச. 14, ஞாயிறு

வெயில். மீட்டர் பாதிக்கு வந்துவிட்டது. பூஞ்சையைச் சுரண்டி, மருந்து அடித்தாயிற்று. அஞ்சலை சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "ஜில்லுன்னு இல்லக்கா!" உடனே மகனுக்குப் போன், ஸ்பீக்கரில்.

"எம்மா, என் பாய விரிச்சிட்டியா?"

செவ்வாய்க்கிழமை கூட்டி வரலாம் என்று நானே சொன்னேன்.

குறிப்பு: குளிக்கச் சோப்பு வாங்க வேண்டும். வேன் டயருக்குக் காற்று, பின்பக்கம் இடது.

டிச. 15, திங்கள்

பிடிபட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டத்தில் கேட்டார்: "ரிப்பேர் மெஷினு இன்னாத்துக்கு ராவெல்லாம் கொர்ருங்குது? வாளி வாளியா தண்ணி வேற ஊத்திக்கினு கீறா."

இந்த முறை நாற்காலி இல்லை. இருந்தும் என்மேல் குற்றமில்லை, நான் வெளியூர். குற்றவாளி அஞ்சலை: பாட்டை மீறி முறை திருடினாள்.

அஞ்சலை வலைக்குவியல் பக்கமிருந்தே பேசினாள். "இன்னாத்தத் திருடினேன்? உங்க ஏரில ஒரு மொழம் கேட்டனா? எம் புள்ள வூட்டுக்கு வரணும். செவுரு காயணும்னு கேட்டேன்."

"பொம்பள இன்னா கூட்டத்துல பேசறா?" யாரோ.

தலைவர் கெட்டவர் இல்லை. அவருக்கு விழுந்தது கடைசிச் சீட்டு. ஒரு நாள்கூட முன்னால் கேட்கவில்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். "பாட்ட ஒருத்திக்கு ஒடச்சா நாளைக்கு ஏரில ஒடைப்பாங்க மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தீர்ப்பு: தகராறு தீரும்வரை நாலு மெஷினும் சமுதாயக்கூடத்தில். பூட்டு. யாருக்கும் இல்லை, ஆகவே யாருக்கும் குறையில்லை. சமுதாயக்கூடம் மேட்டில் இருக்கிறது. ஊரில் தண்ணீர் ஏறாத ஒரே கட்டடம்.

கத்தினேன். கத்தியதை இங்கேகூட எழுத முடியாது. அஞ்சலை வீட்டு ஜன்னல் டேப்பை நாலு பேர் கிழித்தார்கள்.

டிச. 18, வியாழன்

மழை மறுபடி. கூடத்துச் சாவி தலைவரின் மச்சானிடம். அவர் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு சாவுக்குப் போயிருக்கிறார். செத்தவர்மேலும் கோபம் வந்தது.

அஞ்சலை வீட்டில் மீட்டர் வைத்தேன். மறுபடி முதல் நாள் எண். பிறகு இன்னும் சில வீடுகளில் வைத்துப் பார்த்தேன். அதே எண்.

சுவரோரம் பையனின் பாய், சுருட்டியபடி.

டிச. 22, திங்கள்

தூறல். தகராறு தீர்ந்தது என்று அறிவிப்பு. சீட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். அஞ்சலை பெயரை முப்பத்தொன்பதுக்கு அப்புறம் சேர்க்கிறார்களாம். ரூபன் அண்ணன் மெஷின்களைத் துடைத்து வெளியே எடுத்தார். தயிர்சாதம் வேனின் முன்சீட்டில்.

அஞ்சலையின் மகனைப் பொன்னேரியில், பெரியம்மா வீட்டுத் தெரு அங்கன்வாடியில் சேர்த்துவிட்டார்கள்.